பேட்டரி இறங்கினால்தான் பாட்டு

சத்தத்தைக் கெடுப்பதற்காக ஆயுளில் பாதியைச் செலவழித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கொல்லிமலைச் செம்மேட்டில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ஒலிபெருக்கிக் குழாய் தூக்கினேன்.

ஊரில் அவருக்குக் கரகரண்ணன் என்று பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். அந்த அக்கா அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன். மலைக்கு ரோடு போட ஆள் எடுக்கிறார்கள் என்று வந்து கல் உடைத்தேன். ரோடு மேலே வந்து சேர்ந்ததும் வேலை தீர்ந்தது, சோறும் தீர்ந்தது. பஸ் நிறுத்தத்தில் படுத்துக்கிடந்த என்னைக் கரகரண்ணன் காலால் தட்டி எழுப்பினார்.

"கண்ணு, குழாய் தூக்குவியா? அக்கா களி கிண்டிப் போடுவா."

தூக்கினேன்.

அவருக்கு மவுத்தார்கன் பைத்தியம். உலக யுத்தத்தின்போது அசாம் பக்கம் ரோடு போடக் கூலியாகப் போயிருக்கிறார். அங்கே முகாமில் ஒரு கறுப்பு அமெரிக்கச் சிப்பாய், மவுத்தார்கனையும் மைக்கையும் சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு வாசித்தானாம்.

"ஊதலை கண்ணு, இழுத்தான். மூச்சை உள்ள இழுத்து இழுத்து வாசிச்சான். லாரி முதல் கியர்ல மேடு ஏறுற மாதிரி. அழுவுற மாதிரியும் இருக்கும், வையற மாதிரியும் இருக்கும்."

அந்தச் சத்தத்தைத் தேடித்தான் சேலத்துப் பழைய இரும்புக் கடையில் பட்டாளத்து மைக் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதற்குள் கரித்தூள் இருந்தது. வாசிக்கும் முன் அதைக் காதருகே வைத்து, தேங்காய் வாங்குகிறவர் மாதிரிக் குலுக்கிப் பார்ப்பார். ஆம்ப்ளிபையரின் குமிழை இனித் திருக முடியாது என்கிற வரைக்கும் திருகுவார். கரண்ட் வராத மலையில் எல்லாமே பேட்டரியில்தான் ஓடும். இவ்வளவுக்கும் மேலே, அந்த பேட்டரி பாதி இறங்கியிருக்க வேண்டும். புதுசாக சார்ஜ் செய்த பேட்டரியென்றால் சத்தம் சோப்புப் போட்டுக் குளித்த மாதிரி ஆகிவிடுமாம்.

இதே பேட்டரியைத்தான் கல்யாணங்களுக்கும் கொண்டுபோவார். வாசலூர்பட்டியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமன் ஓடி வந்தார்.

"ஏனுங்க, பந்திக்கு வாங்கன்னு கூப்பிட்டா எருமை கத்துற மாதிரி கேக்குதுங்க! ஒருத்தரும் சாப்பிட வரலீங்க."

"பசிச்சாத் தன்னால வருவாங்க. நீங்க அந்தக் கரகரப்பைக் கேளுங்க."

"கல்யாணத்துக்குத்தானுங்க மைக்செட் கேட்டோம், கரடி வெரட்டவா கேட்டோம்?"

அன்று எங்களுக்கு இலை போடவில்லை. வழியில் கிடைத்த பலாச்சுளையைத் தின்றுகொண்டே நடந்தோம். கரகரண்ணனுக்குக் கால் தரையில் படவில்லை. "கரடின்னான் பாத்தியா கண்ணு? கிட்ட வந்துட்டோம்!"

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. அந்தச் சிப்பாயின் சத்தம் தனக்கு வந்துவிட்டதா என்று அவருக்கே தெரியாது. வாசிக்கும்போது கை, வாய், மண்டை எல்லாம் அதிரும். வெளியே எப்படிக் கேட்கிறது என்று எட்டாது. அசாமில் அதைக் கேட்டவர்கள் இந்த மலையில் வேறு யாரும் இல்லை. என்னைக் கேட்டால், களிக்குப் பங்கம் வராமல், "நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா" என்பேன்.

ரோடு சூப்பர்வைசரிடம் டார்ச் செல்லில் ஓடும் டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. ரோடு போட்டவர்களின் முகாம் கலைந்து, அவர் மறுநாள் மலையை விட்டே போகிறார் என்று தெரிந்ததும் கரகரண்ணன் போய் நின்றார்.

"சார், ஒரே ஒரு தடவை என்னை எனக்குக் கேக்க வெச்சுட்டுப் போங்க."

சூப்பர்வைசர் நல்ல மனிதர். ரெக்கார்டரோடு வீட்டுக்கே வந்தார். அதற்கு முன்பே இன்னொரு நல்லதும் செய்திருந்தார். "உங்க பேட்டரி ரொம்ப வீக்குன்னாங்க. காலையிலேயே உங்க வீட்டுல கேட்டு வாங்கி, கீழ போற லாரியில சார்ஜுக்கு அனுப்பிட்டேன். இது என் ஜீப்போடது, புதுசு."

கரகரண்ணன் வாசித்துப் பார்த்தார். பஜனை மடத்து ஆர்மோனியம் மாதிரி அவ்வளவு சுத்தம். மவுத்தார்கனைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"குளிச்சிருச்சுங்க சார்."

விஷயம் புரிந்ததும் சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "இறங்கணும், அவ்வளவுதானே?" என்று ஒரு லாரியின் ஹெட்லைட்டைக் கொண்டுவரச் சொல்லி பேட்டரியில் மாட்டினார்.

"உங்க ஜீப்புங்க சார்?"

"நாளைக்கு இறக்கம்தானே. தள்ளிவிட்டா ஸ்டார்ட் ஆயிடும்."

பட்டப்பகலில் ஒரு விளக்கு மங்குவதற்காகத் தெருவே கூடி உட்கார்ந்திருந்தது. சந்தைக்குப் போனவர்கள் மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் உட்காரவில்லை. "ராத்திரிக்கு ஊட்டுல வெளக்கில்லை. வெயில்ல வெளக்கு எரிச்சு, அது எப்ப அணையும்னு காத்திருக்கறீங்க. நல்ல பொழப்புங்க!" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் விறகு பிளக்கப் போய்விட்டாள்.

விளக்கின் கம்பி மிளகாய்ப்பழ நிறத்துக்கு வந்ததும் கரகரண்ணன் எழுந்தார். "இப்பங்க சார்."

சத்தம் இன்னும் அதிரட்டும் என்று குழாயின் வாயை ஒரு வெண்கல அண்டாவுக்குள் கவிழ்த்து நான் பிடித்துக்கொண்டேன். ரெக்கார்டரின் மைக் பக்கத்தில் வைத்தால் தாங்காது என்று அடுத்த அறையில், கம்பளிக்கு அடியில். அவர் கரித்தூள் மைக்கைக் குலுக்கி, மவுத்தார்கனோடு சேர்த்துப் பொத்தி, இழுத்தார். அண்டா அதிர்ந்தது. என் முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. வெளியே கோழிகள் வாயை மூடிக்கொண்டன.

முடிந்ததும் சூப்பர்வைசர் டேப்பைச் சுற்றிவிட்டுப் போட்டார். பாதி ஓடியிருக்கும். கொல்லையிலிருந்து அக்கா கோடரியோடு ஓடி வந்தாள்.

"என்னங்க, லோடு லாரி மேட்டுல நின்னு திணறுது! இத்தனை ஆம்பளைங்க உக்காந்திருக்கறீங்களே, போயித் தள்ளிவுடுங்க!"

ரோட்டில் ஒரு லாரியும் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. கரகரண்ணன் கண்ணை மூடி, ரெக்கார்டர் பெட்டிமேல் நெற்றியை வைத்திருந்தார். டேப் நின்ற பிறகுதான் நிமிர்ந்தார்.

"அவன்தான் கண்ணு. அந்த ஆளேதான்."

சூப்பர்வைசர் டேப்பைக் கழற்றி நீட்டினார். "நீங்களே வெச்சுக்குங்க."

"எதுக்குங்க சார்? அதான் கேட்டாச்சுங்களே."

மறுநாள் காலை ஜீப்பை இறக்கம் வரைக்கும் தள்ளியது மொத்தத் தெருவும்தான். முன்னால் நின்று அதிகாரம் பண்ணியவர் கரகரண்ணன். அந்த டேப் இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. கிடைத்தால் கேட்டுப் பாருங்கள், நடுவில் ஓரிடத்தில் சத்தம் லேசாக நடுங்கும். அது குழாயைப் பிடித்திருந்த என் கை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. ஆனால் எந்த மேட்டிலாவது ஒரு லாரி முதல் கியரில் திணறினால், தள்ளுவதற்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்று கேட்கிறேன்.