பறவைக்குக் கீழே தேதி

மரியாதைக்குரிய அக்காவுக்கு உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும், அத்தானும், அத்தானின் முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

என் மகளின் கல்யாண அழைப்பிதழ் இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். அதைப் பிரிக்காதே. பிரித்திருந்தால் அத்தானிடம் காட்டாதே. காட்டியிருந்தால், கல்யாணம் இன்னும் முடியவில்லை என்று முதலில் அவரிடம் சொல்லிவிடு. பிறகு அதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போடு. ஏன் என்று சொல்கிறேன்.

அச்சகத்தில் கொடுத்தால் ஒரே நாளில் முடிகிற காரியம். உன் மருமகள்தான் பிடிவாதக்காரி ஆயிற்றே. நாலு மாதமாக ஆபீஸ் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கெட்டி அட்டையை வெட்டி மடித்து, ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி ஒற்றிப் பூவும் கொடியுமாகப் பதித்து, நூற்றிருபது கார்டு செய்தாள். நாங்கள் நாலு மாதமாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கடைசியில் முன்பக்கத்தில் ஒரு ஜோடிப் பறவை மட்டும் பாக்கி. அந்த ஸ்டாம்பை என்னிடம் நீட்டி, "கோணாம விழணும்ப்பா, உங்க கைதான் சரி" என்றாள். ரிட்டையர் ஆனதிலிருந்து என் வலது கை நடுங்குவது உனக்குத் தெரியும். தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் பாதிதான் வாய்க்கு வந்து சேரும். ஆனால் ஸ்டாம்பைப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்திய கை அல்லவா? அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ஒரு ஜோடிகூட நூல் பிசகவில்லை. ஆனால் கை சும்மா இருந்ததா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள் (கல்யாண விஷயத்தில் சுடுகாடு என்று எழுதிவிட்டேன், அதை நீ படிக்காதே). முத்திரை விழுந்தால் அதன் கீழே சுருக்கொப்பமும் தேதியும் போட்ட பிறகுதான் என் கை அடுத்த காகிதத்துக்கு நகரும். நூற்றிருபதிலும் பச்சைப் பேனாவால் போட்டிருக்கிறேன், அன்றைய தேதியை. உள்ளே, கல்யாணம் அடுத்த மாதம் பத்தாம் தேதி என்று இருக்கிறது. வெளியே பார்த்தால், போன ஞாயிற்றுக்கிழமையே கல்யாணம் முடிந்து, அதை நான் சரிபார்த்து ஒப்பமும் போட்டாயிற்று.

இதை நான் கவனித்தது மறுநாள். அதற்குள் முதல் கார்டு உனக்குத் தபாலில் போய்விட்டது. ஒரு முப்பதை அவள் ஆபீஸ் நண்பர்களுக்குக் கொண்டுபோய்விட்டாள், மாப்பிள்ளையும் அதே ஆபீஸ். மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று அவள் பெட்டியைக் குடைந்து, ஓர் இலை ஸ்டாம்பை எடுத்து, கருநீல மையில் ஒவ்வொரு ஒப்பத்தின் மேலும் பதித்து மறைத்தேன். வழவழப்பு அட்டையில் அந்தப் பாழாய்ப்போன மை காயவேயில்லை. என் வீட்டுக்காரி தலைமுடி காயவைக்கிற மெஷினால் ஊதினேன், மை காயாமல் அட்டை சுருண்டது. சுருண்டதை நிமிர்த்த அடுக்கிவைத்து மேலே அகராதியை ஏற்றினேன், ஒன்றின் இலை இன்னொன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, இப்படித்தான் ஆபீஸிலும் குப்பை கொட்டினீர்களா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் மகள் வந்து இலையைப் பார்த்தாள். யார் வைத்தது என்று கேட்டாள். பறவைக்கு உட்கார ஓர் இடம் வேண்டாமாம்மா என்றேன். விரலில் ஒட்டிய மையைத் துடைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு நாற்பது கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூணு நாளாச்சு அக்கா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான் பேச்சு. என்னை நம்பிக் கொடுத்த பொண்ணோட நாலு மாச உழைப்பை ஒரே காலையிலே பாழாக்கிட்டேனே. சம்பந்தி வேறு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனிதர். ஆகவே உன் கார்டைக் கிழித்துவிடு, ஒரு சாட்சியாவது குறையட்டும். இனி என் ஆயுசில் ஸ்டாம்பைத் தொடமாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், முழங்காலுக்குத் தைலம் தனித் தபாலில் வருகிறது.

இப்படிக்கு,
கை நடுக்கத்துடன்,
தம்பி

பி.கு.: கார்டைக் கிழிக்காதே. இப்போதுதான் சம்பந்தி போன் செய்தார். ஆபீஸ் நண்பர்களுக்கு வந்த கார்டில் பெண்ணின் அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். "எங்களுக்கு மட்டும் வெறும் இலையா? எங்க மரியாதை அவ்வளவுதானா?" என்று கேட்கிறார். மகளிடம் போய்ச் சொன்னேன். அவள், "ஞாயித்துக்கிழமையே பார்த்தேன்ப்பா. உங்க கையெழுத்துன்னுதான் எல்லார்கிட்டயும் காட்டினேன். அதை ஏன் மறைச்சீங்கன்னுதான் கோவம்" என்றாள். நாளைக் காலையில் பச்சைப் பேனாவோடு சம்பந்தி வீட்டுக்குப் போகிறேன், நாற்பதிலும் இலைக்குப் பக்கத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும். நீ ஏற்கெனவே கிழித்திருந்தால் துண்டுகளைப் பத்திரமாக வை. நானே வந்து ஒட்டி, கீழே ஒப்பம் போட்டுத் தருகிறேன். எந்தத் தேதியைப் போடுவது என்றுதான் தெரியவில்லை.