புளிப்புத் தர்பூசணிப் பொடியும் தாய்மாமன் தோளும்

பூ மி ஹங், ஹோ சி மின் நகரம்
வியாழக்கிழமை, காலைக் காபிக்குப் பிறகு (காபி ஒன்றே ஒன்றுதான்)

அத்திம்பேர் சதாசிவம் அவர்கள் சமூகத்துக்கு மச்சினன் சேஷாசலம் சாஷ்டாங்கமாக நமஸ்கரித்து எழுதிக்கொண்டது. விழுந்த வேகத்தில் கைப்பிடி எதையும் தேடாமல் எழுந்தும்விட்டேன். அது எப்படி என்று இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் உங்களுக்கே விளங்கும்.

இவ்விடம் நானும் சுகந்தியும் பகவான் கிருபையால் சௌக்கியம். அவ்விடம் தங்கள் சௌக்கியத்துக்கும், ராஜம் அக்காவின் முழங்கால் சௌக்கியத்துக்கும் எழுதவும். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் கூப்பிட்டால் அக்கா உடனே ஸ்பீக்கரில் போட்டு, உங்களிடம் கேட்ட கேள்விக்கும் தானே பதில் சொல்லிவிடுகிறாள். அதனால்தான் நாளைக்குத் திருச்சிக்கு விமானம் ஏறுகிற என் சிநேகிதர் நத்தர்ஷா பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாசலில் அக்கா நின்றால் மளிகைக் கணக்கு கேட்க வந்தவர் மாதிரி பேசிவிட்டுத் திரும்பிவிடுவார், தயவுசெய்து பின்னாலேயே போய் வாங்கிக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் இங்கே, எங்களோடு வந்து தங்கியிருக்கும் நம் ஹரிணிக்கும் இந்த ஊர்ப் பிள்ளை ஜெராருக்கும் கல்யாணம். காலையில் அவர்கள் சர்ச்சில் ஒன்று, அதன் பிறகு ஹாலில் நம் முறைப்படி ஒன்று. நம்மாத்து வழக்கப்படி மாலை மாற்றும்போது பெண்ணை அவள் தாய்மாமா தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும், பிள்ளையை அவன் தாய்மாமா தூக்கிக்கொள்ள வேண்டும் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எனக்கென்று பெண்ணோ பிள்ளையோ கிடையாது. ஹரிணி பிறந்த நாளிலிருந்து இந்தத் தோள் அந்த ஒரு நாளுக்காகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவன் நான். அப்படியிருக்க, போன மாதம் அக்கா போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "சேஷுவுக்கு ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கறது. பெங்களூர் விச்சுவும் அவளுக்கு மாமாதானே, அவன் ஜிம்முக்கெல்லாம் போறான், அவனே தூக்கட்டும். சேஷு பக்கத்துல நின்னு பிடிச்சுக்கட்டும்" என்றாள். பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள நான் என்ன பந்தல்காலா? விச்சு எங்கள் சித்தி பிள்ளை, நல்ல பையன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றுவிட்ட மாமா ஒன்றுவிட்ட மாமாதான். விச்சுவை வேண்டாமென்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

வெறும் ரோஷத்தில் பேசுகிறேன் என்று நினைக்கக் கூடாது. போனை வைத்த மறுநாளே எங்கள் தெருமுனை ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். ஹரிணி பாட்மிண்டன் ஆடுகிற பெண், என்னைவிட உயரம், பட்டுப் புடவையும் நகையும் வேறு சேரும். ஜிம்முக்குள் முதல் நாள் நுழைந்தால், கண்ணாடி முன்னால் இரண்டு கையிலும் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் யார்? ஜெராரின் தாய்மாமா ஃபெர்னான்! அவருடைய அப்பா காரைக்கால்காரர், அம்மா இந்த ஊர்க்காரி. தமிழ், பிரெஞ்சு, வியத்நாமியம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். இருவரும் திருடனும் திருடனும் சந்தித்துக்கொண்ட மாதிரி விழித்தோம். "பொன்ழூர் மிஸ்யே சேஷா! நீங்களும் தூக்கத்தான் வந்தீங்களா?" என்று பிரெஞ்சு வணக்கமும் 'ஐயா'வுமாகக் கேட்டுவிட்டு, ஒரு பெரிய டப்பாவைத் திறந்து, ரோஜா நிறத்தில் ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கி நீட்டினார். உடற்பயிற்சிக்கு முன்னால் குடிக்கிற பொடியாம், புளிப்புத் தர்பூசணிச் சுவையாம். "குடிங்க மிஸ்யே, யானை பலம்! மொட், ஹாய், பா, யோ!" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று, கவிழ்த்துவிடு என்று இந்த ஊரில் பீர் கோப்பையை மோதிக்கொண்டு சொல்லுகிற மந்திரம் அது. மரியாதைக்குக் குடித்தேன்.

கால் மணி ஆகியிருக்காது அத்திம்பேர், முகமெல்லாம் எறும்பு ஊர ஆரம்பித்தது. காது மடலில் எறும்பு, உதட்டில் எறும்பு, விரல் நுனியில் எறும்பு. முகம் குங்குமமாகச் சிவந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி வந்தேன். சுகந்தி பார்த்துவிட்டு, "ஐயையோ, என்னத்தைத் தின்னேள்?" என்று பதறினாள். பதில் சொல்ல நேரமில்லை, ஏனென்றால் வழக்கமான என் ஐஸ் காபியையும் ஜிம்முக்குப் போகிற வழியிலேயே குடித்திருந்தேன். இந்த ஊர்க் காபி ஒன்றே போதும் ஒரு மனிதனைப் பாட வைக்க. அன்று மின்விசிறிகளைத் துடைத்தேன், பரணைக் காலி செய்தேன், காலி செய்ததைத் திரும்ப ஏற்றினேன், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே பின் யுவோங் வரைக்கும் போய், நான் ரிட்டையர் ஆன பெயிண்ட் பேக்டரியின் வாசலில் நின்று உள்ளே எல்லாம் சரியாக நடக்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்தேன். காவலாளி எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார், அதிலும் என்னால் உட்கார முடியவில்லை.

இருபத்தேழு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். ஒரு பொருள் என்னை ஆட்டி வைத்தால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவேனா? டப்பாவைக் கடன் வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படித்தேன். முதல் சரக்கு காஃபின். ஒரு கரண்டிப் பொடியில் மூன்று டம்ளர் காபிக்குச் சமமாகக் கொட்டியிருக்கிறார்கள். மின்விசிறி துடைத்தது அதுதான். இரண்டாவது பீட்டா அலனைன், எறும்பு விட்டது இவர். எறும்பு ஊர்ந்தால் பலம் வருகிறது என்று ஃபெர்னான் நம்புகிறார். உண்மையில் ஊரலுக்கும் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை, தினமும் வாரக்கணக்கில் சாப்பிட்டால்தான் அதனால் ஏதோ கொஞ்சம் பலன். முகம் சிவந்தது நியாசின், அது வைட்டமின், சிவக்க வைப்பதற்கென்றே போட்டிருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். கிரியேட்டின் என்று ஒன்று, அது நல்ல சரக்குதான், ஆனால் அதுவும் நாள்பட உடம்பில் சேர்ந்தால்தான் வேலை செய்யும், தனியாகவே கிடைக்கும். ரத்த ஓட்டத்துக்கு சிட்ருலின் என்று ஒன்று. அது எவ்வளவு என்று பார்த்தால், இன்னும் நாலைந்து பெயரோடு சேர்த்து 'சிறப்புக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் போட்டுத் தப்பித்துவிட்டார்கள். என் காலத்தில் இப்படி லேபிள் ஒட்டிய ஒரு டிரம் எங்கள் பேக்டரிக்கு வந்திருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

படித்தால் மட்டும் போதுமா, சோதிக்க வேண்டாமா? சுகந்தியிடம் ஒரே மாதிரி இரண்டு டப்பா கொடுத்து, ஒன்றில் பொடியையும் இன்னொன்றில் அதே நிறத்துத் தர்பூசணி சர்பத்தையும் போட்டு, எது எதில் என்று எனக்குச் சொல்லாமல் தினம் ஒன்று கலக்கித் தரச் சொன்னேன். "உங்களுக்குக் காபி போட்டுக் கொடுக்கறது போறாதுன்னு இது வேறயா" என்று முணுமுணுத்தாலும் ஒழுங்காகச் செய்தாள். தூக்கிப் பார்க்க ஹரிணி எடைக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கினேன். பட்டுப் புடவை தோளில் வழுக்குமா என்பதும் தெரிய வேண்டுமே என்று, சுகந்தியின் பழைய அரக்குப் பட்டை மூட்டைக்குச் சுற்றிவிட்டேன். வீட்டுக்குள் தூக்கினால் மின்விசிறி இடிக்கிறது. அதனால் தோளில் வைத்துக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கினேன். அன்றைக்குப் பொடி முறை போலிருக்கிறது, முகம் வேறு சிவந்திருந்தது. ஐந்தாவது மாடியில் ஒரு கொரியா தேசத்து அம்மாள் ஏறினாள். சிவந்த முகத்தோடு ஒருவன் புடவை கட்டிய ஓர் உருவத்தைத் தலை தொங்கத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் காதைச் சொறிந்துகொண்டு நின்றால் யார்தான் கத்த மாட்டார்கள்? அவள் போட்ட கூச்சலில் நான் திடுக்கிட, மூட்டை சரிந்து தையல் விட்டு, லிஃப்ட் முழுக்கப் பொன்னி அரிசி. கீழே கதவு திறந்ததும் காவலாளி ஓடி வந்தார். அரிசிக் குவியலையும் காலி புடவையையும் பார்த்துவிட்டு, அந்த மனுஷி எங்கே என்று என்னையே கேட்டார். எனக்குத் தெரிந்த வியத்நாமியத்தில் கல்யாணம், மாமா, தோள் என்ற மூன்று சொல்லையும் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் எல்லோரும் எனக்கு லிஃப்டை முழுதாக விட்டுக்கொடுக்கிறார்கள்.

இதற்கிடையில் ஃபெர்னான் ஏன் இப்படி வெறி பிடித்த மாதிரி உழைக்கிறார் என்பதும் தெரிந்தது. யாரோ நம் கல்யாண வீடியோக்களை அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு மாமாக்களும் மாலை விழாமல் பின்வாங்குவதையும், சுற்றி நின்று எல்லோரும் கத்துவதையும் பார்த்து, இதை ஒரு பந்தயம் என்றே முடிவு கட்டிவிட்டார். "யாரு மொதல்ல எறக்கி உடறாங்களோ அவங்க தோத்தாங்க. செயிச்ச ஊட்டுலதான் புள்ளைங்க குடியிருக்கணும், சரிதானே மிஸ்யே?" என்று கேட்டார். அவர் தங்கை ஒடெட், அதாவது ஜெராரின் அம்மா, பிள்ளை திருச்சிக்குப் போய்விடுவானோ என்று வாரக்கணக்காகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். பந்தயமும் இல்லை, ஒன்றும் இல்லை, விளையாட்டு என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "என்னை ஏமாத்தப் பாக்குறீங்க" என்று இன்னொரு இரும்புத் தட்டைச் சேர்த்துக்கொண்டார்.

சோதனை முடிவுக்கு வருகிறேன். சர்பத் குடித்த நாளிலும் மூட்டை ஏறியது, பொடி குடித்த நாளிலும் ஏறியது. சர்பத் நாளிலும் நான் காதைச் சொறிந்தேன் என்று சுகந்தி சாட்சி சொல்கிறாள். பொடியில் உண்மையாக உடனே வேலை செய்வது காஃபின் ஒன்றுதான், அதற்குக் காபி இருக்கிறது. மூட்டையை ஏற்றியது தினமும் நான் குனிந்து நிமிர்ந்ததுதான். டாக்டரும் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுப் பொடியை நிறுத்தச் சொல்லி, காபியையும் ஒன்றாக்கிவிட்டார். டப்பாவைச் சுகந்தி பறிமுதல் செய்து, "இனிமே இந்தாத்துல பொடின்னா பருப்புப் பொடிதான்" என்று சொல்லிவிட்டாள். நேற்று ஒரு சிட்டிகைப் பொடியும் இல்லாமல், தைத்த மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, மின்விசிறியில் இடிக்காமல் ஓரமாகவே வீட்டு ஹாலை மூன்று சுற்று வந்தேன். மூச்சு வாங்கவில்லை. சந்தோஷத்தில் நானே எனக்குக் கெட்டிமேளம் கொட்டிக்கொண்டேன்.

ஆகவே அத்திம்பேர், விச்சுவைத் தூக்கச் சொல்ல வேண்டாம். அவன் வரட்டும், சாப்பிடட்டும், போட்டோவில் நிற்கட்டும். ஹரிணியை நான்தான் தூக்குவேன். இதை அக்காவிடம் நீங்களே நினைத்துச் சொன்ன மாதிரி சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், தெரு முழுவதற்கும் என் விசாரிப்பு, அங்கே யாராவது குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன், ஹரிணியின் ஒரே சொந்தத் தாய்மாமா,
சேஷாசலம்

பின்குறிப்பு: அதே நாள் சாயங்காலம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும்.

காகிதத்தை மடிக்கும்போது ஒடெட்டிடமிருந்து போன். ஃபெர்னான் இரண்டு கரண்டிப் பொடியை ஐஸ் காபியிலேயே கலக்கிக் குடித்துவிட்டு, ஃபிரிட்ஜைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஃபிரிட்ஜ் சௌக்கியம். ஃபெர்னானின் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு மாதத்துக்குத் தலையணைகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்யே சேஷா, எங்க புள்ளைய நீங்க தூக்குங்க. வேற எவன் தூக்குனாலும் போட்டுருவான். நீங்க என் கூடவே கஷ்டப்பட்டவரு" என்றார். அப்புறம் கண்ணில் தண்ணீரோடு, "ஆனா மொதல்ல எறக்கி உட்றாதீங்க" என்றார். அந்தப் பந்தயத்தை அவர் இன்னும் நம்புகிறார் அத்திம்பேர். நம்பிக்கொண்டே அவர் பக்கத்து ஆட்டத்தை என் கையில் கொடுத்துவிட்டார். நான் என்ன சொல்ல முடியும்? இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே விச்சுவை உடனே அனுப்பி வையுங்கள். அவன்தான் ஹரிணியைத் தூக்க வேண்டும். ஜெரார் ஒரு மூட்டை அல்ல, ஒன்றரை மூட்டை. அதனால் இன்னும் அரை மூட்டைக்குச் சொல்லியிருக்கிறேன், லிஃப்டில் ஏற்ற மாட்டேன் என்று காவலாளிக்கு எழுதிக்கொடுத்த பிறகுதான் அதை உள்ளே விடச் சம்மதித்தார்.

ஹரிணியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுகந்திதான் சொன்னாள். குழந்தை நேரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "நல்லதாப் போச்சு மாமா. உங்க தோள்ல உட்கார்ந்தா எனக்கு உங்க வழுக்கைதானே தெரியும். இப்போ நீங்க அந்தப் பக்கம் நிப்பேள். மாலை போடறச்சே உங்க முகத்தைப் பார்த்துண்டே போடுவேன்" என்றாள்.