அப்பா பேரில் ஒரு பிரஷர்

உயிருள்ளவரை சாத்தூர் காராச்சேவைக் கைவிடுவதில்லை என்று செல்வநாயகம் சபதம் எடுத்த வாரம்தான், ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெஸ்லின் பிரஷர் மிஷின் அனுப்பிவைத்தாள். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் போதும், எண் நேரே அவள் போனுக்குப் போய்விடும். அவர் வேலை பார்க்கும் திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர் சீசன் வேறு. பிரஷர் ஏறியது தெரிந்தால் காராச்சேவும் போகும், வேலையும் போகும், மகளின் அர்ச்சனை மட்டும் மிஞ்சும்.

மனுசன் சும்மா இருப்பாரா?

"இசபெல்லு, மிஷின் ஒழுங்கா ஓடுதான்னு பாப்போம். கையை நீட்டு."

"எனக்கெதுக்குங்க?"

"சும்மா ஒரு டெஸ்ட்டு."

நீட்டினாள். காய்ச்சல், தலைவலி என்று ஒருநாளும் படுக்காத மனைவி. அவள் கையை விட நல்ல கை அவருக்கு எங்கே கிடைக்கும்? அன்றிலிருந்து தினமும் காலையில் டெஸ்ட்டுதான். திரையில் என்ன வருகிறது என்று அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கை அவளுடையது, பேர் அவருடையது, காராச்சேவுப் பொட்டலம் மடியில்.

ஒரு ஞாயிறு, சர்ச்சுக்குக் கிளம்பும்போது ஜெஸ்லின் வீடியோவில் வந்து அழுதாள்.

"அப்பா, தினமும் நூத்தி எம்பதுக்கு மேலயே நிக்குது. தலை சுத்தலையா? இங்க இருந்தே நம்மூர் டாக்டர்கிட்ட ஆன்லைன்ல காட்டிட்டேன். மாத்திரை வீட்டுக்கு வரும். உப்பைத் தொடாதீங்க."

செல்வநாயகம் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த நூற்றெண்பது அவருடையது இல்லையே. அடுப்படியில் இசபெல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளாக அவளை உடம்புக்கு எப்படி என்று அவர் கேட்டதே இல்லை. இப்போது கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாத்திரை வந்தது. சத்து மாத்திரை என்று சொல்லி அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டு, ரெண்டு நாள் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு அட்டையை எடுத்தார். ஏற்கெனவே ரெண்டு குறைந்திருந்தது.

"இசபெல்லு, இதுல ரெண்டைக் காணோமே?"

"நான்தான் போட்டேன். என் மாத்திரையை வேற யாரு போடுவா?"

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"நம்பர் என் கண்ணு முன்னாலதான வருது. தலை சுத்தி நான் செவுத்தப் புடிச்சு நின்னப்ப, நீங்க காராச்சேவு தின்னுக்கிட்டிருந்தீக."

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா நேரா மகளுக்குப் போகும். அப்பாவுக்கு நோவுன்னா திட்டுவா. அம்மாவுக்குன்னா எல்லாத்தையும் போட்டுட்டு பிளேன் ஏறிருவா. அங்கன அவ வேலை இன்னும் நிரந்தரமாகல. உங்க பேருலயே இருக்கட்டும்."

அவர் அங்கேயே உட்கார்ந்து குலுங்கி அழுதார். தன் நாக்குக்காக அவள் கையை நீட்டச் சொன்னது நெஞ்சை அறுத்தது. இசபெல் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்படியே மடியிலிருந்த பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டாள்.

"நோயாளி நீங்கதான? இனிமே ரெண்டு பேருக்கும் உப்பில்லாத கஞ்சி. அம்மாவுக்கும் பிரஷர் பாத்து அனுப்பச் சொல்லிருக்கா மக. கையை நீட்டுங்க."

"என் கையா?"

"பின்ன? என் பேருல நல்ல நம்பர் போக வேணாமா?"

இப்போதெல்லாம் இசபெல்லின் கையில் பட்டையைச் சுற்றியதும் திரையை முதலில் பார்ப்பது அவர்தான். சில நாள் இறங்கியிருக்கும், சில நாள் ஏறியிருக்கும். ஏறிய நாளில் அச்சகத்தில் அவருக்கு வேலை ஓடாது. தன் முறை வந்ததும் தானாகவே கையை நீட்டுவார். கஞ்சி குடித்த கை, அம்மா பேரில் அருமையான எண்களாக அனுப்பியது.

மாதக் கடைசியில் ஜெஸ்லின் வீடியோவில் வந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அம்மாவுக்கு எம்புட்டு நல்லா இருக்கு! அவங்களைப் பாத்தாவது கத்துக்கோங்கப்பா."