நான் பஸ் ஏற்றிவிட்ட அம்மா

உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு எனக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது. நான் பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வருவதைத் தமிழிலும் தமிழில் வருவதைச் சிங்களத்திலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். வேலைக்கு நேர்முகம் வைத்தவர்கள், “முன் அனுபவம் உண்டா?” என்று கேட்டார்கள். “இல்லை” என்றேன். அது பொய். அனுபவம் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு, தெரணியகலைக்குக் கீழே எங்கள் றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் படம் பார்த்துக்கொண்டு. பார்த்தேன் என்றும் சொல்ல முடியாது, சோதனை போட்டேன். மழையில் ஓடி வந்த கதாநாயகன் வீட்டுக்குள் நுழையும்போது சட்டை காய்ந்திருந்தால் அன்றைக்கு எனக்கு விருந்து. கத்திக்குத்துப் பட்டவன் அரை மணி நேரம் வசனம் பேசுகிறானே, அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருக்கலாமே? இதையெல்லாம் பேச போனில் ஒரு குரூப் வைத்திருந்தோம், ஆறு பேர். ஒரு படத்தின் முடிவு சரியா பிழையா என்று மூன்று நாள் சண்டை நடக்கும். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறுவார்கள். நாலாம் நாள் அடுத்த படத்துக்குச் சண்டை போட அவர்களே திரும்பி வருவார்கள்.

“கோயிலுக்குப் போயி, வெளிய கழட்டி வச்ச செருப்பையே நெனச்சுக்கிட்டு நின்னா சாமி தெரியுமா புள்ள?” என்பார் அப்பா. அவர் றப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தார். படத்தில் அழ வேண்டிய இடத்தில் அழுவார். அதற்கு முன்னாலும் கொஞ்சம் அழுது வைப்பார்.

எங்களோடு படம் பார்க்க வருகிற இன்னொருவர் சோமா நெந்தா. சிங்களத்தில் நெந்தா என்றால் அத்தை. தோட்டத்துக்கு இறங்கும் பாதையில், பஸ் நிற்கிற ஹோல்ட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பெட்டிக்கடை. ஞாயிறு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் டிவி முன்னால் வந்து உட்காருவார். தமிழ்ப் படம் என்றால் உயிர். தமிழ்தான் ஒரு சொல் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வருவேன்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் சொன்னேன். பிறகு கை அரிக்கத் தொடங்கியது. அதாவது வாய். வில்லன் ஏன் கதாநாயகனைச் சுடாமல் கட்டிப்போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறான் என்று நெந்தா கேட்பார். எனக்கும் தெரியாது, படம் எடுத்தவருக்கும் தெரியாது. “துப்பாக்கியில தோட்டா முடிஞ்சிருச்சு நெந்தே, அதைத்தான் இப்ப ரகசியமா சொல்றான்” என்பேன். நெந்தா திருப்தியாகத் தலையாட்டுவார். இப்படிச் சின்னச் சின்ன ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஓடிய படங்களில் லொஜிக் பிழையே இல்லை என்று நெந்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் வந்தது அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. (பேர் வேண்டாம், எடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.) அம்மாவும் மகனும் சண்டை போடுகிறார்கள். மகன் டவுனுக்குப் போய்விடுகிறான். அம்மா பதினைந்து வருடம் ஊர் பஸ் ஹோல்ட்டில் உட்கார்ந்து மகன் வந்து இறங்குவானா என்று பார்க்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உட்கார்ந்திருப்பது பஸ் ஹோல்ட்டில். கண் முன்னால் நாளைக்கு நாலு பஸ் டவுனுக்குப் போகிறது. ஒன்றில் ஏறினால் இடைவேளைக்கு முன்னாலேயே படம் முடிந்துவிடும். அவள் ஏறவே மாட்டாள். கடைசியில் மகன் வந்து இறங்குகிற அன்றைக்கு, அந்த வாங்குப் பலகையிலேயே செத்துக் கிடப்பாள். இந்த முடிவுக்காக நான் குரூப்பில் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறேன்.

பஸ் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. சப்பாத்து மாட்டிய ஒரு கால் இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து வெளியே மழை கொட்டியது. எங்கள் பக்கத்து மழை எப்போதும் உச்சக்கட்டத்துக்குத்தான் வரும். டிஷ் வேலை செய்யாமல் டிவி நீலமாகிவிட்டது.

“அனே துவே!” ஐயோ மகளே என்று நெந்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பிறகு என்ன? நீ பாத்திருக்கியே, சொல்லு!” (இனி வரும் அவர் பேச்செல்லாம் சிங்களத்தில். மொழிபெயர்ப்பு என்னுடையது. இந்த முறை திருத்தம் ஏதுமில்லை, சத்தியமாக.)

இப்படி ஒரு வாய்ப்பு எந்த ரசிகைக்குக் கிடைக்கும்? “இறங்கினது வேற யாரோ நெந்தே. இனிக் காத்திருக்க ஏலாதுன்னு அந்த அம்மா அதே பஸ்ல ஏறிப் போயிடுறா. மகன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். அவ வாசல்ல நின்னு மன்னிப்பும் கேக்கல, ஏசவும் இல்ல. ‘எனக்கும் கொஞ்சம் சோறு போடு’ன்னு மட்டும் சொல்றா. அதோட படம் முடியுது.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு உண்மை முடிவு தெரியும். காட்டிக் கொடுக்காமல் நீலத் திரைக்கே திரும்பிக்கொண்டார். நெந்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாழைப்பழத்தில் ஒன்றைக்கூட உரிக்காமல் மழையிலேயே போய்விட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நெந்தாவின் மகன் சமிந்த, கடையைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கித்துல்கலவுக்கு வெள்ளைக்காரர்களை றப்பர் போட்டில் ஏற்றி ஆற்றில் ஓட்டுகிற வேலைக்குப் போனவன். “ஆத்துல விழப் போறவன் திரும்பி வர வேணாம்” என்று அம்மா சொல்ல, “வர மாட்டேன்” என்று அவன் சொல்லி, இரண்டு வருடம் பேச்சில்லை. அவன் கல்யாணத்துக்கும் நெந்தா போகவில்லை. இது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அதை நினைத்து நான் அந்த முடிவைச் சொல்லவில்லை. திரைக்கதையைச் சரி செய்தேன், அவ்வளவுதான். பஸ் ஹோல்ட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் இதைச் சொல்கிறோம் என்பதுகூட என் மண்டையில் உறைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடை பூட்டியிருந்தது. புதன்கிழமை நெந்தா எங்கள் வாசலில் வந்து நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. “போய்ட்டு வந்துட்டேன் துவே. அவிசாவளை போயி, அங்கேருந்து அட்டன் பஸ்ல கித்துல்கல. ஞாயித்துக்கிழமை உங்க ரெண்டு பேரையும் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லிட்டான். அந்தப் படத்தையும் எடுத்து வச்சிருக்கான். கீழ சிங்களத்துல எழுத்து ஓடுமாம். எல்லாரும் சேர்ந்து பாப்போம்!”

அந்த எழுத்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுமே! நெந்தா போனபின் அப்பா, “அப்ப நாம ரெண்டு பேரும் போறோம்” என்றார். “இந்தப் படத்த மட்டும் நான் தவற விட மாட்டேன் புள்ள.”

கித்துல்கலவில் அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வேண்டும்போது மழை எப்போது வந்திருக்கிறது? சமிந்தவின் மனைவி நிலூஷா பலாக்காய்க் கறி, கருவாடு, பருப்பு என்று பரப்பி வைத்திருந்தாள். சாப்பிடும்போது சமிந்த சொன்னான், “ரெண்டு வருஷம் கழிச்சு அம்மா வாசல்ல நிக்கிறா. நான் வாயில சோத்தோட எழும்புறேன். என்ன சொன்னா தெரியுமா? ‘எனக்கும் கொஞ்சம் சோறு போடு.’ அவ்வளவுதான் தங்கச்சி. நான் அழுதுட்டேன்.”

என் வசனம்! ஒரு கணம் பெருமை தலைக்கேறியது. அடுத்த கணம் கருவாடு தொண்டையில் சிக்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த வசனம் எந்தப் படத்திலும் இல்லை என்று தெரியப்போகிறது. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒட்டியது, ஒட்டி இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் பொய்யாலே மறுபடி பிய்ந்துவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்தக் கடையைக் கடந்து போவேன்?

டிவி போட்டார்கள். பதினைந்து நிமிடம் ஓடியது. “எனக்கு போட்ல போகணும்!” என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “சின்ன வயசிலேருந்து ஆசை” என்றேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றறியாதவள் நான். சமிந்தவுக்கோ ஒரே சந்தோஷம். தன் வேலையை மதிக்க ஒரு ஆள் கிடைத்ததே. பத்து நிமிடத்தில் மஞ்சள் ஹெல்மட்டும் மிதவைச் சட்டையுமாக என்னை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டான். “ஒனக்கு நீச்சல் தெரியுமாடி?” என்று கரைவரை வந்து கேட்டுவிட்டு அப்பா டிவிக்குத் திரும்பிவிட்டார். பொய் சொல்லத் தெரிந்த அளவுக்கு நீச்சல் தெரியவில்லை. இரண்டாவது பாறையில் போட் ஒரு பக்கமாகத் தூக்கிப் போட, நான் மறுபக்கமாகப் போய் விழுந்தேன். களனி ஆற்றில் கால்வாசியைக் குடித்திருப்பேன். சமிந்த சட்டைப் பட்டியைப் பிடித்து, கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் போட்டான். அந்த நிலையிலும் எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். இதற்குள் படம் முடிந்திருக்கும், நான் இல்லாத நேரத்தில் பார்த்திருப்பார்கள், மிச்சத்தை அப்பா சமாளித்திருப்பார்.

நிலூஷாவின் கவுனை மாட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு உள்ளே வந்தேன். டிவியில் அந்த அம்மா பஸ் ஹோல்ட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“நீ இல்லாம எப்படிப் பாக்கிறது துவே? நிப்பாட்டி வச்சிட்டோம்” என்றார் சோமா நெந்தா, பக்கத்தில் எனக்கு இடம் விட்டு.

முழுப் படத்தையும் பார்த்தோம். வழியில் நான் செருகியிருந்த சின்னச் சின்னத் திருத்தங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நெந்தா முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவே இல்லை. பஸ் வந்தது, சப்பாத்துக் கால் இறங்கியது. மகன் வாங்கருகே போய் “அம்மா” என்று தோளைத் தொட, அந்த அம்மா சரிந்தாள். எழுத்து மேலே ஓடத் தொடங்கியது.

சமிந்த டிவியை நிறுத்தினான்.

“இதுல சோறு எங்க?” என்றார் நெந்தா.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். படம் பிடிக்கவில்லை, ஏன் அவள் பஸ் ஏறவில்லை என்று கோபம், மழை வந்தது, நானாகச் சொன்னேன், மன்னியுங்கள். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. நெந்தா வெறுமையான திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப யாரும் போகலையா?” என்றார் மெதுவாக. “நான் மட்டும்தான் போனேனா?”

செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு அன்றுதான் சாமி தெரிந்தது.

சமிந்ததான் பேசினான். டிவியைக் காட்டிப் பேசினான். “அம்மாவை விடுங்க. அந்த மகன் என்ன மகன்? டவுனுக்குப் போன அதே பஸ்தானே ஊருக்குத் திரும்பி வருது? பதினஞ்சு வருஷமா அவனுக்கு ஏறத் தெரியலையா? கதையே பிழை.”

“அவனுக்கு வேலை இருந்திருக்கும்” என்றார் நெந்தா.

“வேலையெல்லாம் இல்லம்மா. திமிர்.”

“அந்த அம்மா என்ன சொல்லி அனுப்பினாள்னு பாத்தியா? அப்படிச் சொன்னா எந்தப் பிள்ளை வருவான்?”

“சொன்னா என்ன? அம்மா சொல்றதுதானே. அவன்தான் வந்திருக்கணும்.”

இப்படியே போனது. குரூப்பில் நான் போட்ட சண்டை எல்லாம் இதற்கு உறை போடக் காணாது. அம்மா மகனுக்காக வாதாட, மகன் அம்மாவுக்காக வாதாட, இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே படத்தைத்தான் திட்டினார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முன்கூட்டியே அழத் தொடங்கி வெகுநேரமாகியிருந்தது.

கிளம்பும்போது நெந்தா என் ஈரத் தலையைத் துவாயால் கொஞ்சம் பலமாகவே துவட்டினார். அது தண்டனை என்று நினைக்கிறேன். “இனிமே முதல்ல படத்துல உள்ளதைச் சொல்லு. பிறகு உன்னோடதைச் சொல்லு. எது வேணும்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்” என்றார். இன்றுவரை அப்படித்தான். சமிந்த பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மாவைப் பார்க்க வருகிறான்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடமாகிறது. இந்தக் கதையை மாப்பிள்ளையிடம் முதல் வேலையாகச் சொல்லி வைத்தவர் அப்பா. சண்டை வந்தால் என் கணவர் ஹோலில் இருப்பார், நான் குசினி அடுப்படியில் இருப்பேன். நடுவில் பத்தடிகூட இல்லை. இரண்டு பேரும் அசைய மாட்டோம். கொஞ்ச நேரத்தில் ஹோலிலிருந்து பஸ் கொண்டக்டர் குரல் கேட்கும். “அவிசாவளை, கித்துல்கல, அட்டன்... ஏறுங்க ஏறுங்க, யாரு ஏறுறது?”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். பிழை என் பக்கம் என்றால் நான் போவேன். பெரும்பாலும் அவர்தான் வருவார். கதவு நிலையில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கும் கொஞ்சம் சோறு போடு” என்பார். எந்தப் படத்திலும் இல்லாத வசனம். எங்கள் வீட்டில் அது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.