பீட்ரூட் அண்ணனின் மூச்சு

கல்யாணப் பந்தியில் கறியை ஒதுக்கிவிட்டுக் காயைத் தின்னும் மனிதர் மதுரைக்கே ஒருவர்தான். அவர் எங்கள் பசுமலைக்காரர் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பீட்ரூட் அண்ணன் என்றால்தான் தெரியும். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாக்பீஸ் தூசி பட்டாலே தும்மல், பின்னாலேயே இளைப்பு. எனக்கு அவர் சொந்தக்காரர் இல்லை; நானும் பாடும் சர்ச் பாட்டுக்குழுவில் அவர் குரலுக்கு மேல் குரல் கிடையாது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டின் உச்சத்தில் இளைப்பு வந்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார். சபை மொத்தமும் பாவமாகப் பார்த்தது. இளைப்பைத் தாங்கியவரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"இன்ஹேலரை விடாதீங்க. காய்கறி நிறையச் சாப்பிடுங்க, மூச்சுக்குழாய் வீக்கத்துக்கு நல்லது" என்றார் டாக்டர். எவ்வளவு என்று சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் தானே அளவு போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சட்டைப் பையில் இன்ஹேலர், பேண்ட் பையில் கேரட்.

திருநகரில் ஒரு கல்யாணம். பிரியாணி பரிமாறியவரிடம், "கறிய இந்தத் தம்பிக்கு வையிங்கண்ணே. தால்ச்சால கெடக்குற கத்திரிக்காய எனக்கு அள்ளி வையிங்க" என்றார்.

"எம்புட்டு?"

"இருக்கிறது அம்புட்டும்."

பரிமாறியவர் என் காதருகே குனிந்து, "சாருக்கு மனசு எதுவும் சரியில்லையா?" என்று கேட்டார். அவர் பங்குக் கறியும் என் இலைக்கு வந்துவிட்டதால் நான் விளக்கம் சொல்லவில்லை.

ஒத்திகைக்கு முன் பீட்ரூட்டைப் பச்சையாகவே கடிப்பார். சிவந்த வாயைப் பார்த்த புதுப் போதகர், "வெத்தல போட்டுட்டு கோயிலுக்குள்ள வாரது நல்லாவா இருக்கு?" என்றார். அண்ணன் மீதி பீட்ரூட்டை நீட்டி, "நீங்களும் ஒரு கடி கடிங்கய்யா" என்றார். மரியாதைக்குக் கடித்த போதகர் அன்று சிவந்த பல்லோடு ஜெபம் செய்தார். அண்ணனுக்கு அந்தப் பெயர் நிலைத்தது அன்றுதான்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டை என்னிடம் கொடுக்கப் பார்த்தார்கள். அண்ணன் விடவில்லை.

"நாந்தான் பாடுவேன் தம்பி. மூச்சு வாங்குச்சுன்னா நீ புடிச்சுக்க."

போன தடவை நின்றுபோன வரி வந்தது. பக்கத்தில் நின்ற நான் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அந்த வரியைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். எனக்குத்தான் மூச்சு முட்டியது. கண்ணும் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும், "பாட்டுல பாதி இன்ஹேலரு, பாதி பீட்ரூட்டு" என்று சொல்லிவிட்டுக் கேரட்டை எடுத்தார்.

தல்லாகுளத்திலிருந்து வந்திருந்த ஒருவர் என்னிடம், "அவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"கூடப் பொறந்த அண்ணே" என்று சொல்லிவிட்டேன்.