மகாராணி கிளம்பமாட்டாள்

பத்திநாதன் அன்று காலையில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தன் தலையே போனாலும் சரி, கார் போகக்கூடாது.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர். சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன பழைய காரை ஆசையாசையாக வாங்கி, அதற்கு மகாராணி என்று பெயரும் வைத்திருந்தார். தினமும் துடைப்பார். குளிர் அதிகமானால் தன் கம்பளியை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டுத் தான் நடுங்குவார். மனைவி ஜோசப்பின் வாயில் மட்டும் மகாராணி என்ற பெயர் வராது. "ஒங்க சின்னவீடு" என்பாள்.

மறுநாள் ஜோசப்பினின் தம்பி சூசைரட்ணத்துக்கு அட்டன் கோயிலில் கல்யாணம். இன்றைக்கே மாப்பிள்ளை அங்கே போய்விட வேண்டும். மாப்பிள்ளைக்குக் கார் தருகிறேன் என்று பத்திநாதன் போன மாதம் ஒரு விருந்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். கோழிக்கறி செய்த வேலை. சூசைரட்ணமோ லொறி ஓட்டிப் பழகுகிறேன் என்று தோட்டத்து லொறியைத் தண்ணீர் ஓடும் காணுக்குள் இறக்கியவன். அவன் கையிலா மகாராணி?

"தரமாட்டேன்" என்று ஜோசப்பினிடம் சொல்லத் தைரியமில்லை. அதைக் காரே சொல்லட்டும் என்று தீர்மானித்தார். அவள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து எஞ்சின் மூடியைத் தூக்கினார். பேட்டரி வயரை லேசாகத் தளர்த்தினார். எஞ்சினைக் கிளப்ப முன்னால் செருகிச் சுத்துகிற கம்பியை விறகுக் குவியலுக்குள் ஒளித்தார். பிறகு முகத்தில் கவலையைப் பூசிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

டக்.

மறுபடியும் திருப்பினார். டக். அவ்வளவுதான்.

ஜோசப்பின் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னாங்க, டக்குன்னு கெளம்புற வண்டின்னு பெருமையடிப்பீங்க. இன்னைக்கு டக்குன்னு மட்டும் சொல்லுது, கெளம்பக் காணோம்?"

"பெரிய கோளாறு ஜோசப்பின். உள்ளுக்கு என்னமோ ஒடைஞ்சிருக்கு."

"கம்பியப் போட்டுச் சுத்துங்களேன்."

"கம்பியக் காணோம்."

"லயத்து ஆளுக நாலு பேரக் கூப்புட்டுத் தள்ளச் சொல்லவா?"

"ஐயையோ, தள்ளுனா இருக்கிறதும் போயிரும்!"

"தலவாக்கலையில இருந்து மோட்டார் ரிப்பேர் பாஸக் கூட்டியாரச் சொல்லட்டா?"

"எந்தப் பாஸாலயும் ஆகாது. சீமையில இருந்து சாமான் வரணும். கப்பல் எப்ப வருமோ!"

ஜோசப்பின் காரைப் பார்த்தாள். அவர் விரல்களைப் பார்த்தாள். எல்லாம் கறுப்பு மசகு. "பாவம், ரொம்பத்தான் பாடுபட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனாள். தம்பியை வழியிலேயே கண்டு விஷயத்தைச் சொல்லத்தான் போகிறாள் என்று பத்திநாதன் நினைத்தார். அது சரிதான். அவளும் அதற்குத்தான் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது சூசைரட்ணத்தோடு காக்கிச் சட்டைக்காரர் ஒருவரும் வந்தார்.

"இவரு சோலைமலை. வலப்பனையில பழைய இரும்பு வாங்குறாராம்" என்றாள் ஜோசப்பின். "ஓடாத வண்டிய வச்சு என்னா செய்யிறது? எடைக்குப் போட்டுரலாம்."

"எடைக்கா!"

"நீங்கதானே சொன்னீங்க, எந்தப் பாஸாலயும் ஆகாதுன்னு?"

சோலைமலை காரைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் உதைத்தார். உதை பத்திநாதனின் முழங்காலில் வலித்தது. சாவியைத் திருப்பினார். டக். உதட்டைப் பிதுக்கினார்.

"எஞ்சின் இறுகிப்போச்சுங்க ஐயா. இந்தச் சத்தம் வந்தா அம்புட்டுத்தான். ஒடைச்சு எடுத்தா கதவு ரெண்டும் மாட்டுப்பட்டிக்கு ஆகும்."

"மாட்டுப்பட்டிக்கா!"

"சீட்டு நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றான் சூசைரட்ணம். "பாபர் சலூன்ல கேப்பாங்க."

பத்திநாதன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் கார் கல்யாணத்துக்குப் போகும். மூடினால் மாட்டுப்பட்டிக்குப் போகும். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சோலைமலை பையிலிருந்து பெரிய ஸ்பேனர் ஒன்றை எடுத்துக் கதவில் வைத்தார்.

"கைய எடுய்யா! எஞ்சினா இறுகிருச்சு? நேத்து வரைக்கும் பட்டாட்டம் ஓடுன எஞ்சின்யா!"

"அப்ப ஏன் ஐயா டக்குங்குது?"

"இங்க பாரு. லைட்டப் போடுறேன். எரியுதா? இப்ப சாவியத் திருப்புறேன். லைட்டு செத்துப்போச்சா? எஞ்சின் இறுகியிருந்தா லைட்டு மங்கும். இப்படி ஒரேயடியா அணையாது. பேட்டரியில கரண்டு இருக்கு, அது வர்ற வழியிலதான் கோளாறு. வயரு லூசாகியிருக்கு. வேற ஒரு எழவும் இல்ல!"

"எந்த வயருங்க?" என்று சோலைமலை பச்சைப்பிள்ளை போலக் கேட்டார்.

"இந்தா, இதுதான்!"

ஸ்பேனரைப் பிடுங்கி, மூடியைத் தூக்கி, வயரை இறுக்கி, ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். மகாராணி ஒரு குலுக்குக் குலுக்கி, ஜம்மென்று கிளம்பிவிட்டாள். பத்திநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்.

"பாத்தியாய்யா? இறுகிருச்சாம்!"

ஜோசப்பின் கைதட்டினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதற்குள் சோலைமலை ஓட்டுகிற இடத்தில் ஏறி, பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் தன் மூஞ்சிக்குத் தோதாகத் திருப்பிக்கொண்டார்.

"இரும்பு வாங்குறவரு அங்க எதுக்கு ஏறுறாரு?"

"இரும்பும் இல்ல, துரும்பும் இல்ல. அவரு அட்டன்ல டாக்சி ஓட்டுறவரு" என்றாள் ஜோசப்பின். "தம்பி ஓட்டுனா ஒங்க மனசு பதறும்னு நேத்தே நான்தான் அவரக் கூட்டியாரச் சொன்னேன்."

ஜோசப்பின் முன்சீட்டில் ஏறினாள். பின்சீட்டில் சூசைரட்ணமும், அவனைச் சுற்றி உடுப்புப் பெட்டியும் பலகாரக் கூடைகளும். மிச்சம் இருந்த இடத்தில் ஒரு குடை வைக்கலாம். பத்திநாதன் ஒவ்வொரு கதவாகப் போய்ப் பார்த்தார்.

ஜோசப்பின் கண்ணாடியை இறக்கினாள்.

"நாளைக்குக் கோழியத் தொறந்து விட்டுட்டு, காலைப் பஸ்ஸுல வந்துருங்க."