நாரையின் வாலில் நடந்த கூட்டம்

இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகம் நோக்கிப் போகும் கப்பல்,
மேல்தளம், காற்று பலம்.

சட்டம் படித்துத் தேறி, நம் குடும்பத்திலேயே முதன்முறையாகக் காசு வாங்காமல் எனக்குப் புத்தி சொல்லும் செல்வி ரோவீனாவுக்கு, உன் தாய்மாமன் கத்பர்ட் நடுக்கடலிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், என் பெட்டி, என் தொப்பி மூவரும் சுகம். இந்த வரியை முடிப்பதற்குள் தொப்பி கடலில் விழுந்துவிட்டதால் இருவர் சுகம். அங்கே நீ, உன் அம்மா, அந்தக் கடிக்கிற பூனை எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பூனை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை.

நிற்க. போன வாரம் துறைமுகத்தில் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நீ ஓதிய உபதேசம் நினைவிருக்கிறதா? “மாமா, நல்லா கேட்டுக்குங்க. நெதர்லாந்துல உங்க கிளையண்ட்டைப் போய்ப் பாக்கலாம், கூட்டத்துல உக்காரலாம், சாப்பிடலாம், வேடிக்கை பாக்கலாம். வேலை மட்டும் செய்யக் கூடாது. உங்ககிட்ட பெர்மிட் இல்ல. காசே வாங்காம தேர்ல ஒரு பூவைக் குத்தினாலும் அது வேலைதான். மாட்டினீங்கன்னா அந்தப் பக்கம் மறுபடி காலே வைக்க முடியாது.” பேசலாமா என்று நான் கேட்டேன். “பேசலாம். அதை எந்த நாட்டால தடுக்க முடியும்?” என்றாய். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மாமா உயிர் பிழைத்தேன்.

நினைத்துப் பார், ரோவீனா. ஆறு வருஷமாக என் சமையலறையில் உட்கார்ந்து நெதர்லாந்தின் ஆக்டர்போஸ் பேட்டைக்காரர்களுக்குப் பூந்தேர் வரைந்து, கணினித் திரை வழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என் மேசையில் கோடு போட்டால் நான் கலைஞன். அதே கோட்டைப் பேட்டைத் தலைவி ரிக்கா அம்மாவின் மேசையில் போட்டால் நான் குற்றவாளி. நடுவில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர்! ஆறு வருஷமும் பேட்டைக்குப் பேட்டை போட்டி போடும் ஊர்வலத்தில் எங்கள் தேர்தான் கடைசிப் பரிசு, அதாவது பரிசே இல்லை. ரிக்கா அம்மா ஆடி மாதமே சொல்லிவிட்டாள்: “இந்தத் தடவையும் கடைசின்னா கொட்டகையைப் பிரிச்சிடுவோம் கத்பர்ட். பசங்க மனசு விட்டுட்டாங்க. நீங்க ஒரு தடவையாவது நேர்ல வந்து பாருங்களேன்.” அதனால்தான் போனேன். கரையில் இருந்த அதிகாரி “வேலையா, சுற்றுலாவா?” என்றார். “கூட்டம்” என்றேன். “எதைப் பத்தி?” “நாரையைப் பத்தி.” அவர் என்னை ஒரு யுகம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

கொட்டகைக்குள் நுழைந்தேன். ஐயோ, இந்த வருஷத் தேருக்கு நான் வரைந்த நாரை! காகிதத்தில் என் முழங்கை நீளம் இருந்த பறவை, அங்கே கழுத்தை நீட்டினால் பக்கத்து ஊர்த் தேவாலயக் கோபுரத்திடம் மணி கேட்கும் போல நின்றது. உடம்பெல்லாம் டேலியாப் பூ, கோடானுகோடி, எண்ணப் போனவன் கிழவனாகித்தான் திரும்புவான். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிறவன் யாராக இருந்தாலும் கையில் ஒரு கூடைப் பூவும் ஆணியும் திணிக்கப்படும். பாதிரியார் குத்துகிறார், பல் டாக்டர் குத்துகிறார், கடிதம் கொடுக்க வந்த தபால்காரர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து குத்துகிறார். நான் மட்டும் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

“கையில என்னய்யா, வாதமா?” என்றாள் ரிக்கா அம்மா.

“சட்டம்மா” என்றேன்.

“அதுக்கு இங்க நல்ல களிம்பு இருக்கு” என்றார் கசாப்புக்கடை டீலிஸ். அவர் ஒரு ஆள் இல்லை ரோவீனா, ஒரு மாவட்டம். அவருக்கு அதே அளவில் மூன்று தம்பிகள்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். கொட்டகையின் எதிர் மூலையில் ஒரு மீசைக்காரர். அவரும் பூவைத் தொடவில்லை. அவருடைய இரண்டு கையும் பாக்கெட்டில். கண் மட்டும் என்மேல். தபால்காரரே வேலை செய்கிற இடத்தில் சும்மா நிற்கிறவர் யார்? அரசாங்கம்தான்! தொழிலாளர் துறை, சந்தேகமே இல்லை. நான் மூக்கைச் சொறியக் கையை எடுத்தால் அவர் மீசை துடித்தது. மூக்கைச் சொறிவதும் வேலைக் கணக்கில் வருமோ என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஊர்வலத்தன்று காலையில் வந்தது மழை. கொட்டகைத் துணி ஒழுகி, கழுத்துப் பூவெல்லாம் தண்ணீரைக் குடித்து, என் நாரை மெதுவாகத் தலை கவிழ்ந்தது. வெட்கப்பட்டுக் கவிழ்ந்து, தூங்கிக் கவிழ்ந்து, கடைசியில் செத்துக் கவிழ்ந்தது. இளவட்டங்கள் ஆணிக் கூடையைக் கீழே போட்டுவிட்டன. ரிக்கா அம்மா கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தினாள், கையெல்லாம் பூச்சாறு, முகமே மஞ்சளாகிவிட்டது. எனக்கோ எங்கே தவறு என்று பளிச்சென்று தெரிகிறது. கழுத்து கனத்துவிட்டது, வால் லேசாக இருக்கிறது, தராசு சாய்ந்துவிட்டது. என் விரல் பத்தும் பாக்கெட்டுக்குள் குட்டி போட்ட எலி மாதிரி துள்ளுகின்றன. மீசைக்காரர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அப்போது நீ சொன்ன வாக்கு அசரீரியாகக் கேட்டது: கூட்டத்தில் உட்காரலாம்!

“ரிக்கா அம்மா!” என்று கர்ஜித்தேன். கண்ணாடிகள் அதிர்ந்தன, மழை ஒரு கணம் நின்றது. “உடனே ஒரு கூட்டம் கூட்டுங்க!”

“எங்கய்யா?”

“நாரையோட வாலுக்குள்ள!”

“இவருக்குக் கை மட்டும் இல்ல, மேலயும் வாதம்” என்றார் டீலிஸ். ஆனாலும் நல்ல மனிதர். சாக்கு விரித்து வாலுக்குள் ஏறி உட்கார்ந்தார். கழுத்து ஒரு முழம் நிமிர்ந்தது! கொட்டகையே வாயைப் பிளந்தது. “தம்பிங்களா, வாங்கடா!” என்றார். தம்பிகள் ஒவ்வொருவராக உட்கார உட்கார நாரை ஒவ்வொரு முழமாக உயிர் பெற்றது. இன்னும் கொஞ்சம் போதவில்லை. என் உடம்பைப் பற்றி உன் அம்மா சொல்லும் கேலியெல்லாம் நாட்டுக்கு உதவும் நாள் வந்ததென்று நானும் ஏறினேன். அப்போதும் ஒரு சாண் குறைந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த மீசைக்காரர் வந்தார், ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே நாரை தலையை நிமிர்த்தியது. கீழே நான் கைதாகிவிட்டேன்.

ஊர்வலம் முழுக்க அந்த இருட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, இருவர் கையும் பாக்கெட்டில், மூச்சு விடக்கூட அனுமதி கேட்டு உட்கார்ந்திருந்தோம். நாரையின் வயிற்றிலிருந்து ஊதுகுழல் இசை முழங்கியது. ஒரு இடத்தில் சுருதி தப்பியதும் அவர் முகத்தைச் சுளித்தார். அரசாங்கத்துக்கு இசை ஆகாது போலிருக்கிறது. வெளியே கைதட்டல் மட்டும் இடி இடியாகக் கேட்டது. ஆறு வருஷம் காத்திருந்து என் தேரை அதன் வால் வழியாகத்தான் பார்த்தேன். ஆனால் முடிவு வந்தது: நாலாவது பரிசு! ரிக்கா அம்மா என்னை வாலிலிருந்து உருவி எடுத்துக் கட்டிக்கொண்டாள். அப்போதும் நான் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை, கட்டிக்கொள்வது எந்தப் பிரிவில் வரும் என்று நீ சொல்லித் தரவில்லை.

இப்போது நான் நடுங்குவது காற்றினால் அல்ல. அந்த மீசைக்காரர் இந்தக் கப்பலிலும் ஏறிவிட்டார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார். கடல் தாண்டியும் துரத்தும் சட்டத்தை என்னவென்பது! என் சார்பில் வாதம் தயார் செய்து வை. இனி எந்த வாடிக்கையாளரையும் நேரில் பார்ப்பதில்லை, திரையோடு சரி, இது சத்தியம். நீ நூறு வழக்கு வென்று, ஆயிரம் பேருக்கு எல்லை திறந்துவிட்டு, அமோகமாக வாழ மாமனின் ஆசிகள். அம்மாவுக்கு என் வணக்கம். பூனைக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
ஒரு பூவையும் தொடாத உத்தமன்,
கத்பர்ட் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் மீசைக்காரர் என் முன்னால் நிற்கிறார். முகம் வெளுத்திருக்கிறது. “ஐயா, உங்க அறிக்கையில எழுதிக்குங்க. நான் ஒரு பூவைக்கூடத் தொடலைங்க. சத்தியமா!” என்றார். பெயர் எம்ரிஸ், அவரும் நம் பிரிட்டன்தான், கார்டிஃப்காரர். நாரையின் வயிற்றில் முழங்கிய இசையை வீட்டிலிருந்தே எழுதி அனுப்பியவர், அவரும் ‘கூட்டத்துக்கு’ வந்தவர். அவருக்கு உபதேசம் செய்தது அவர் மகள். “வேலை செய்யாம நின்னது நீங்க ஒருத்தர்தானே, அதிகாரின்னு இல்லாம நான் வேற என்னன்னு நினைக்கிறது?” என்றார். வாலுக்குள் ஏறியதே என்னிடம் நல்ல பேர் வாங்கத்தானாம்! ஏன் அறிமுகம் செய்யவில்லை என்று ரிக்கா அம்மாவுக்குச் செய்தி அனுப்பினோம். “ரெண்டு பேரும் ஒரே தேசம், மூஞ்சி குடுத்துப் பேசல. ஏதோ பங்காளிச் சண்டைன்னு ஒதுங்கிட்டோம்” என்று பதில் வந்தது. கொட்டகையைப் பிரிக்கவில்லையாம். அடுத்த கோடை முழுக்க இருவரும் வேண்டுமாம், முறையான பெர்மிட்டோடு, “அந்த வக்கீல் பொண்ணை இப்பவே ஆரம்பிக்கச் சொல்லுங்க” என்கிறாள். ஆரம்பித்துவிடு.

நாங்கள் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டோம். சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் நான் அடுத்த தேரை வரைகிறேன், அவர் முனகிக்கொண்டே மேசையில் தாளம் தட்டுகிறார். இந்த இடத்தில் கடல் யாருடையது என்று தெரியவில்லை, தெரிந்தால் சொல்லாதே. இந்த முறை திமிங்கிலம். வாலை மட்டும் கொஞ்சம் அகலமாகப் போட்டிருக்கிறேன், இரண்டு பேர் வசதியாக உட்காரும்படி.